நாற்பது ஆடும் ஒரு துண்டும்

தும்பைக்குறிச்சியில் மூன்று நாள் மழை அடித்தது பொய்யில்லை. பெரிய கண்மாய் உடைந்தது பொய்யில்லை. ஆட்டுத் தரகர் கொம்பையாவின் தொழுவுக்குள் தண்ணீர் புகுந்து பதினோரு ஆட்டை அள்ளிக்கொண்டு போனதும் பொய்யில்லை. இந்த மூன்றையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் வருவதெல்லாம் கொம்பையாவின் வாயிலிருந்து வருவது.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கால்நடை நிவாரண முகாம். அன்றைக்குத்தான் கடைசி நாள். காலையில் கிளம்பும்போதே அவர் பெண்டாட்டி சொர்ணம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாரும். இது சந்தை இல்ல. சர்க்கார் முகாமு. பதினொண்ணுன்னு சொல்லும், கையெழுத்தப் போடும், வாரும். நடுவுல வாயைத் தொறக்காதேயும்."

"நான் என்ன பச்சப்பிள்ளையா?"

"பச்சப்பிள்ளைன்னா பயமே இல்லையே. அதுக்குப் பேச்சு வராதுல்லா."

கொம்பையா தலையை ஆட்டிவிட்டுத்தான் நடந்தார். உள்ளபடியே அவருக்கும் பயம் இருந்தது. தொழுவில் இப்போது ஒரு குட்டிகூடக் கிடையாது. நிவாரணம் வந்தால் சினையாடு நாலு பிடித்து மறுபடி தொடங்கலாம். வராவிட்டால் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும். அங்கே மேஸ்திரி என்று ஒருவன் இருப்பான். அவன் சொல்வதை இவர் கேட்க வேண்டும். நினைக்கும்போதே கொம்பையாவுக்கு அந்த முகம் தெரியாத மேஸ்திரியை அறைய வேண்டும்போல் வந்தது.

ஒன்பது வயதில் கழுத்துக்கயிறு விற்கப் புதன்சந்தைக்குள் நுழைந்தவர் அவர். முதல் நாள் ஒருவன் செல்லாக்காசு கொடுத்தான். இரண்டாம் நாள் இன்னொருவன் காசே கொடுக்காமல் கன்னத்தில் ஒன்று கொடுத்தான். பள்ளிக்கூடம் என்றால் அவருக்கு அதுதான். அங்கே அவர் படித்துத் தேறிய பாடம் ஒன்றே ஒன்று: உள்ளதைச் சொன்னால் பாதி கிடைக்கும்; இரண்டு மடங்கு சொன்னால் உள்ளது கிடைக்கும்.

வரிசை நகர நகர அந்தப் பாடத்தை மறுபடி ஒப்பித்துப் பார்த்தார். சாதாரண யாவாரியிடமே இரண்டு மடங்கு என்றால், சர்க்கார் எவ்வளவு பெரிய யாவாரி! நாலு மடங்காவது சொல்ல வேண்டாமா? பதினொன்றை நாலால் பெருக்கினால் நாற்பத்து நாலு. நாணயமான மனுசன் என்று தெரிய வேண்டுமே என்று அதில் நாலைத் தள்ளினார்.

மேசைக்குப் பின்னால் கால்நடை டாக்டர் தமயந்தி உட்கார்ந்திருந்தார். நாமக்கல் பக்கத்துப் பெண். வந்து ஒரு வருசம்தான் ஆகிறது. யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் செலவழிக்க மாட்டார்.

"எத்தனை ஆடுங்க?"

"நாப்பது."

சொல்லிவிட்டுக் கொம்பையா தயாராக நின்றார். 'நாப்பதா, விளையாடாதீங்க, எட்டுன்னு போட்டுக்கலாம்' என்று டாக்டரம்மா ஆரம்பிக்க வேண்டும். உடனே இவர் கண்ணை உருட்ட வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பத்து எட்டு நடக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். திரும்பி வந்து முப்பத்தஞ்சு என்க வேண்டும். உச்சி வெயிலுக்குள் பதினொன்றில் முடித்துவிடலாம்.

"சரிங்க" என்று டாக்டர் நாற்பது என்று எழுதினார்.

கொம்பையா அந்த எழுத்தையே முறைத்தார். சொன்ன முதல் விலைக்கே ஒருத்தன் தலையாட்டினால் என்ன அர்த்தம்? ஒன்று, அவனுக்குப் பைத்தியம். இல்லை, நாம் குறைத்துச் சொல்லிவிட்டோம். எண்பது என்று சொல்லியிருக்கலாமே!

"டாக்டரம்மா, நீங்க ஒண்ணுமே கேக்கலியே?"

"என்ன கேக்கணுங்க?"

"கொறைச்சுக் கேக்கணும்லா! என்ன யாவாரம் பண்ணுதீங்க நீங்க?"

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முப்பதுக்கு மேல செத்திருந்தா இங்க முடிக்க முடியாதுங்க. மாவட்டத்துல இருந்து குழு வந்து விசாரிக்கும். வர்ற சித்திரைக்குள்ள வந்துருவாங்க. அடுத்த ஆளு வாங்க."

வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. திரும்பிப் பார்க்காமலேயே யார் என்று கொம்பையாவுக்குத் தெரியும். மாசானம். அதே சந்தையில் எதிர்த் தரகர். ஆட்டுக்கு வயசு பல்லில்தான் தெரியும்; மூன்று வருசத்துக்கு முன்னால் எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்த கிழட்டு ஆட்டை, இரண்டு பல் முளைத்த இளங்குட்டி என்று அவர் தலையில் கொம்பையா கட்டிவிட்டார். அன்றிலிருந்து கொம்பையா 'விடிஞ்சிட்டு' என்றால்கூட மாசானம் வெளியே வந்து சூரியனைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

கொம்பையா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சித்திரைக்கு இன்னும் ஐந்து மாசம் கிடந்தது. "அந்த நாப்பதை அடிச்சிட்டுக் கொறைச்சு எழுதுங்க டாக்டரம்மா."

"அடிச்சா, 'குறைந்ததற்கான காரணம்'னு ஒரு கட்டம் இருக்குங்க. குறையற ஒவ்வொரு ஆட்டுக்கும் காரணம் எழுதணும்."

"பொய் சொல்லிட்டேன்னு எழுதச் சொல்லும்வே" என்றார் மாசானம்.

"பொய்யின்னு எழுதினா பேரையே எடுத்துருவாங்க" என்றார் டாக்டர், எல்லோருக்கும் பொதுவாக.

கொம்பையாவுக்கு முகம் சிவந்தது. பேர் போனாலும் போகட்டும், மாசானத்துக்கு முன்னால் பொய் என்று ஒப்புக்கொள்வதா? இருபத்தொன்பது ஆட்டுக்குக் காரணம் வேண்டும், அவ்வளவுதானே? துண்டை உதறினார். தோளில் போட்டார். ஆனால் நடக்கவில்லை.

"எழுதிக்கிடுங்க. நாப்பது ஆடு தண்ணிக்குள்ள போச்சுன்னுதான் நான் சொன்னேன். நாப்பதும் செத்துப்போச்சுன்னு எந்தப் பய சொன்னான்?"

"சரிங்க."

"விடியக்காலம் கண்மாய் ஒடைஞ்சுது. தண்ணி வருதா, சாதாரணமா இல்ல. சந்தையில ஆயிரம் ஆட்ட ஒண்ணாத் தொறந்துவிட்டா எப்படி வரும், அப்படி. தொழுவத் தொறந்துட்டேன். எட்டு ஆடு பாஞ்சு போயி முன்னால நின்ன முள்ளு உடைமரத்துல ஏறிட்டு. தண்ணி ஏற ஏற, இதுகளும் கிளை கிளையா ஏறிட்டே போகுது. கடைசியில உச்சாணிக் கொப்புல எட்டும் காக்கா மாதிரி உக்காந்திருக்கு."

"வெள்ளாடு மரம் ஏறும். அது நானும் பாத்திருக்கேன்" என்றாள் வரிசையில் நின்ற பொன்னுக்கிளி. அவளுக்குப் பதினாறு கோழி போயிருந்தது. கையில் ஒரு பை நிறைய இறகோடு சாட்சிக்கு வந்திருந்தாள்.

"அதச் சொல்லு யக்கா! ரெண்டு நாளு கழிச்சுத் தண்ணி வத்திட்டு. இப்ப எறங்கணும். உசரம் எம்புட்டுங்கிய? கீழ பாத்தா எனக்கே கிறுகிறுக்கு, நான் கீழதான் நிக்கேன். எட்டும் யோசிச்சுது. யோசிச்சு என்ன செஞ்சுது தெரியுமா? உச்சிக் கொப்பத் தின்னுது. அதுக்குக் கீழ உள்ள கொப்புல நின்னுச்சு. அதையும் தின்னுது. இப்படியே இலை, கிளை, தூரு, எல்லாத்தையும் மேல இருந்து தின்னுகிட்டே கீழ எறங்கித் தரையில வந்து நின்னுச்சு."

மாசானம் முன்னால் வந்தார். "ஒம்ம தொழுவுக்கு முன்னால உடைமரமே கிடையாதேவே!"

"அதைத்தான நான் மூச்சப் பிடிச்சுச் சொல்லிட்டு இருக்கேன். தின்னுட்டுன்னு!"

பொன்னுக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "எட்டு. மரத்திலிருந்து இறங்கியவை. சரிங்க. இன்னும் இருபத்தொண்ணு குறையணும்."

அந்தச் 'சரிங்க' கொம்பையாவின் மண்டைக்கு ஏறியது. முதல் விலைக்கே மறுபடியும் தலையாட்டுகிறாளே! இதைவிடப் பெரிதாகச் சொல்லியிருக்கலாம்!

"அடுத்தது ஒம்பது. இதுகளைக் கரை சேத்தது பட்டாளத்தான்."

பட்டாளத்தானை ஊருக்கே தெரியும். கொம்பையாவின் கொடியாட்டு இனத்துக் கிடா. உயரம் என்றால் உயரம், நெற்றியில் வெள்ளைப் பட்டை. சந்தைக்குப் போகும்போது மந்தைக்கு முன்னால் தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடினால் அசை போடுவதை நிறுத்திவிட்டு விறைப்பாக நிற்கும் என்று கொம்பையா சொல்வார். ஆறு வருசமாக எத்தனையோ பேர் விலை கேட்டும் அவர் பேரத்துக்குக் கையில் துண்டைப் போட்டதில்லை.

"பட்டாளத்தான் முன்னால நீந்துதான். அவன் வாலைக் கடிச்சுக்கிட்டு ஒரு ஆடு, அது வாலைக் கடிச்சுக்கிட்டு இன்னொண்ணு, இப்படி ஒம்பது. ரயிலு மாதிரி போகுது. தார்ரோட்டுக்கு வந்தா டவுன் பஸ் ஒண்ணு தண்ணிக்குள்ள நின்னுபோயிக் கெடக்கு. உள்ள அம்பது சனம், ஒரே கூப்பாடு. பட்டாளத்தான் பின்னால போனான். நாலு எட்டுப் பின்வாங்கினான். குடுத்தான் பாருங்க ஒரு முட்டு! பஸ்ஸு பாலத்துல போயித்தான் நின்னுது. இஞ்சின் தானா ஓட ஆரம்பிச்சிட்டு."

"டிரைவர் என்ன செஞ்சாரு?" என்று பொன்னுக்கிளி கேட்டாள்.

"எறங்கி வந்து பட்டாளத்தானைக் கும்பிட்டாரு. அவரு நல்ல மனுசன். அந்தக் கண்டக்டருதான் மோசம். ஒம்பது ஆட்டையும் ஏத்துதேன், தலைக்கு ஒரு டிக்கெட் போடுங்கான். பஸ்ஸத் தள்ளிவிட்டவன் குடும்பத்துக்கே டிக்கெட்டா! எனக்கு வந்துதே கோவம். கழுத்தளவு தண்ணி. துண்டு நனையக் கூடாதுன்னு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சந்தையில பேரம் முடிக்குத மாதிரி அதுக்குள்ள அவன் கையைப் பிடிச்சேன். 'தம்பி, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாதுல்லா? இன்னா, பல்லப் பாரு'ன்னு ஒவ்வொண்ணா வாயைப் பிடிச்சுக் காட்டினேன். ஒம்பதும் அஞ்சு வயசுக்குக் கீழ!"

"நீரு சொல்லுத வயசுப்படி பாத்தா" என்றார் மாசானம், "ஒம்ம ஆடு ஒண்ணும் இன்னும் பொறந்திருக்கவே செய்யாதேவே!"

வரிசை முழுக்கக் குலுங்கியது. கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் பேரத்தின் நடுவில் கோபத்தைச் செலவழிக்கக் கூடாது. அதைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும்.

"ஒரு டிக்கெட்டும் போடாம ஒம்பதும் சீட்டுல உக்காந்து போச்சு. ரெண்டு மட்டும் நின்னுக்கிட்டுப் போச்சு. வயசான ஆளுக்கு எடம் விட்டுட்டு. இப்ப திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல நிக்கி."

"ஏன் திரும்பி வரல?"

"பாலம் ஒடைஞ்சு பஸ்ஸே வரலியே. ஊருக்கு வண்டி எப்ப விடுவான்னு வெசாரிச்சுக்கிட்டு நிக்கி."

"இப்பத்தான பஸ்ஸு பாலத்துல வந்து நின்னுதுன்னீரு? ஒடைஞ்ச பாலத்துலயா?"

"பட்டாளத்தான் முட்டு வேகத்துலதான்வே பாலமே ஒடைஞ்சுது! மழையில ஒடைஞ்சுதுன்னா நெனைச்சிட்டு இருக்கீரு?"

"ஒன்பது. வெளியூர் சென்றவை" என்று டாக்டர் எழுதினார். "சரிங்க. இன்னும் பன்னெண்டு."

வரிசையில் நின்றவர்கள் இப்போது வரிசையில் இல்லை. மேசையைச் சுற்றி வளைத்து நின்றார்கள். மனு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். கொம்பையா ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சந்தை சூடு பிடித்துவிட்டால் அவருக்குச் சொர்ணமும் நினைவில் இருக்க மாட்டாள், செங்கல் சூளையும் இருக்காது.

"பன்னெண்டு. பட்டாளத்தானையும் சேத்து. பஸ்ஸ அனுப்பிட்டு அவன் திரும்பி வந்தான். பாக்கி ஆட்டை விட்டுட்டுப் போவானா? அதுக்குள்ள எங்க தொழுவோட ஓலைக்கூரை அப்படியே பிச்சுக்கிட்டு மிதக்குது. பன்னெண்டும் அதுல ஏறிட்டு. வாய்க்கால்ல போச்சு, ஆத்துல போச்சு, பாத்துக்கிட்டு இருக்கும்போதே கடல்ல போயிட்டு. நானும் கரையோட ஓடுதேன். பட்டாளத்தான் முன்னால நிக்கான். தாடி காத்துல விரிஞ்சு பாய்மரம் மாதிரி நிக்கி. தாடிய எந்தப் பக்கம் திருப்புதானோ கூரை அந்தப் பக்கம் திரும்புது."

"பசிக்கலையாவே ஆட்டுக்கு? ஓலையத் தின்னிருக்குமே" என்றார் மாசானம். ஆட்டுக்காரன் கேட்கக்கூடிய கேள்வி அது.

"நல்லாக் கேட்டீரு! ஒரு குட்டி வாயை வச்சுது. பட்டாளத்தான் திரும்பி ஒரு பார்வை பாத்தான். இதைத் தின்னா முங்கிருவோம்னு அர்த்தம். பன்னெண்டும் வாயை இறுக்கி மூடிட்டு. அந்த நேரம் எதிர்த்தாப்புல ஒரு கப்பலு."

"எம்புட்டுப் பெருசு?"

"நம்ம பஞ்சாயத்து ஆபீசைத் தூக்கி அதுல வச்சா, வெத்தலைப் பெட்டி மாதிரி இருக்கும். கப்பல்காரன் ஆரன் அடிச்சான். பட்டாளத்தான் வெலகல. ரெண்டாவது அடிச்சான். இவன் தலையக் குனிஞ்சு கொம்பக் காட்டினான். மூணாவது ஆரன் அடிக்கல. கப்பலு வெலகிப் போச்சு."

"ஏ யப்பா!" என்றாள் பொன்னுக்கிளி. இறகுப் பையை எப்போதோ கீழே வைத்திருந்தாள்.

கொம்பையாவின் குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. "கண்ணுக்கு மறையுததுக்கு முன்னால ஒரு வாட்டி திரும்பிப் பாத்தான். என்னத்தான் பாத்தான். நீரு வீட்டுக்குப் போரும், நான் பாத்துக்கிடுதேங்கிற மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. கொம்பையா சட்டென்று குரலை உயர்த்தினார். "அக்கரைக்குப் போயிச் சேந்துட்டான். அங்க உள்ளவன் கூடி நின்னு வெலை கேட்டிருக்கான். இவன் துண்டு போடாம தலையாட்டுவனா? நம்ம சந்தையில வளந்தவம்லா! முந்தாநாளு எனக்குப் போன் வந்துச்சு."

"யாரு பேசினா?"

"பட்டாளத்தான்தான். 'ம்மே'ன்னான். ஒரே ஒரு 'ம்மே'. வெளிநாட்டுப் போனு, காசு போகுமேன்னு டக்குனு வச்சிட்டான்."

"யாரு போன்ல இருந்துவே பேசினான்?"

"கேட்டுருப்பேன். நான் கேட்டு அவன் பதில் சொன்னா அதுக்கும் அவனுக்குத்தான காசு போகும்!"

கூட்டம் வெடித்தது. மாசானத்தின் மீசைகூட ஒரு பக்கம் துடித்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டார். டாக்டர் ஒருவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் எழுதி முடித்தார். "பன்னிரண்டு. கடல் வழியாக அக்கரை சேர்ந்தவை. சரிங்க. மிச்சம் பதினொண்ணு. அது செத்தது?"

"அது செத்தது."

"காதுவில்லை நம்பர் சொல்லுங்க."

கொம்பையா காதைச் சொறிந்தார். போன வருசம் முழுக்க இதே டாக்டர் வீடு வீடாக வந்து ஆட்டுக் காதில் மஞ்சள் வில்லை மாட்டினார். கொம்பையா தொழுவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வில்லையைப் பார்த்தால் ஆடு எப்போது பிறந்தது என்று தெரிந்துவிடும். வயசு தெரிந்த ஆட்டை வைத்துக்கொண்டு ஒரு தரகன் எப்படிப் பிழைப்பது?

"வில்லை மாட்டலங்க."

"உடல் இருந்ததா? பரிசோதனை பண்ணிருக்கீங்களா?"

"தண்ணி கொண்டு போயிட்டு."

"அப்ப சாட்சி வேணுங்க. ஊர்ல ஆடு வச்சிருக்கிறவங்க ஒருத்தர் எண்ணிக்கையைச் சொல்லிக் கையெழுத்துப் போடணும்."

சுற்றி நின்ற கூட்டம் ஒரு எட்டுப் பின்னால் போனது. இவ்வளவு நேரம் கேட்டுச் சிரித்தார்களே தவிர, கையெழுத்து என்றதும் ஆளாளுக்கு விட்டத்தைப் பார்த்தார்கள். "எனக்குக் கோழிதான்" என்றாள் பொன்னுக்கிளி. நகராமல் நின்றது மாசானம் ஒருவர்தான். அவர் தொழு மேட்டில் இருந்ததால் ஒரு ஆடும் போகவில்லை. தம்பிக்குப் போன மாட்டுக்காக வந்திருந்தார்.

கொம்பையா அவரைப் பார்த்தார். வாய் வரை பத்து வசவு வந்தது. மேஸ்திரி இல்லாத செங்கல் சூளை உலகத்தில் எங்காவது இருக்குமா என்று ஒரு நினைப்பும் வந்தது. பத்து வசவையும் முழுங்கினார்.

"ஒரு கையெழுத்துப் போடும்வே."

"மாட்டேன்."

"பதினொண்ணு சத்தியமாப் போச்சுவே!"

"ஆமா. மரத்தத் தின்ன வாய்தான அது? இந்த வாயைக் கேட்டு நான் எழுத மாட்டேன். ஒம்ம வாய் சொல்லி நான் வாங்கின கிழட்டு ஆடு, புல்லைக்கூட மெல்ல முடியாம என் தொழுவுல கிடந்து செத்துது." மாசானம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். வலது கையின் மேல் அதை விரித்துப் போட்டு, கையை நீட்டினார். "துண்டுக்குள்ள வாரும்."

சந்தையில் விலை வாயால் முடிவதில்லை. வாய் என்ன வேண்டுமானாலும் பேசும். ஆத்தா மேல், பிள்ளை மேல், குலசாமி மேல் சத்தியம் வைக்கும். கடைசியில் துண்டைப் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தால்தான் கணக்கு. ஒரு விரல் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. துண்டுக்குள் பிடித்த விரலை மாற்றிச் சொன்னவன் அதற்குப் பிறகு எந்தச் சந்தைக்குள்ளும் கால் வைக்க முடியாது. பல் விஷயத்தில்கூடக் கொம்பையா பொய் சொன்னது வாயால்தான். நாற்பது வருசத்தில் அவர் விரல் ஒரு தடவைகூடப் புளுகியதில்லை. மாசானத்துக்கு அது தெரியும்.

கொம்பையா துண்டுக்குள் கையை விட்டார்.

மாசானத்தின் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார். விட்டார். மறுபடி ஐந்தையும் பிடித்தார். விட்டார்.

பத்து. மாசானம் முகத்தைச் சுளித்தார். வாய் பதினொன்று என்கிறது, விரல் பத்து என்கிறது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். கொம்பையாவின் கை விடவில்லை. பிறகு மாசானத்தின் ஆள்காட்டி விரலை மட்டும் தனியாகப் பிடித்தது. பிடித்தது அப்படியே இருந்தது. பேரத்தில் யாரும் ஒரு விரலை அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை.

மாசானம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "பட்டாளத்தானா?"

கொம்பையா ஜன்னல் வழியாகக் கண்மாய்ப் பக்கம் பார்த்தார்.

"பிடிச்சிருந்த கயிறு அறுந்துபோச்சுவே" என்றார்.

மாசானம் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மேசைக்குப் போனார். "பதினொண்ணு. நான் சாட்சி" என்று பேனாவை வாங்கி, தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"சரிங்க" என்று முத்திரையைக் குத்தின டாக்டர், காகிதத்தைத் திருப்பி ஒரு இடத்தில் விரலை வைத்தார். துண்டுக்குள் நடந்தது அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியாது. "அந்தக் கிடாய் அக்கரையில இருக்குன்னு இங்க எழுதியிருக்கேனே. அதை அடிக்கணுங்களா?"

கொம்பையா அந்த வரியைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டாம் டாக்டரம்மா. அவன் பாட்டுக்கு அங்க இருக்கட்டும்."

"சரிங்க."

ரசீதை மடித்து மடித்து வெற்றிலை அளவுக்குச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார் கொம்பையா. இறங்கினதும் உடம்பில் பழைய சூடு வந்துவிட்டது. பின்னாலேயே மாசானம் வந்தார். வழியில் நின்ற கூட்டம் விடவில்லை.

"ஏ கொம்பையா!" என்று பொன்னுக்கிளி கூப்பிட்டாள். "செத்தது பதினொண்ணுன்னு மாசானமே கையெழுத்துப் போட்டாச்சு. ஒம்ம தொழுவுல மொத்தமே பதினொண்ணுதான இருந்துச்சு? அப்ப மரத்தத் தின்ன எட்டு, பஸ் ஏறின ஒம்பது, கடல் தாண்டின பன்னெண்டு, அதெல்லாம் யாரு ஆடு?"

கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. மாசானமும் பார்த்தார். கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அதெல்லாம் நான் இனிமேதான் வாங்கப்போற ஆடு யக்கா! வாங்குததுக்கு முன்னாலேயே இம்புட்டு வேலை பாத்திருக்குன்னா, வாங்கின பெறகு என்னென்ன செய்யும்னு நீயே யோசிச்சுக்க. யாருக்காவது வேணும்னா இப்பவே முன்பணம் குடுத்து வைக்கலாம்."

"சரிங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டாக்டர் தமயந்தி அடுத்த மனுவைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "வாங்கினதும் இருபத்தொம்பதையும் இங்க ஓட்டிட்டு வாங்க. வில்லை மாட்டிட்டு, பல்லைப் பாத்து நானே வயசு எழுதித் தந்துடறேன்."